பதினொன்றாம் தேதி இரவுக்கு இரண்டு லைன்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றில் ஷாப் ஃப்ளோருக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். கேமரா, கம்பெனி ரகசியம், மெஷின் பக்கத்தில் கவனம் சிதறக்கூடாது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாமே நியாயமானவைதான். ஆனால் ஷிப்ட் முடிகிற வரைக்கும் வீட்டில் என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது. வீட்டு இன்டர்நெட்டைப் பற்றி எழுத வந்தவன் லாக்கரில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு ரவுட்டரில் நான் செய்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அந்த லாக்கர்தான் மூலம்.

நான் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். மனைவிக்குப் படப்பையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அந்த ஆபீஸின் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் இந்தப் பகுதிச் சாலைகளை ஒட்டிய சிறு பட்டறைக்காரர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. அவற்றைச் சுற்றி, நான்கு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்கிற ஷெட்டுகள் முளைத்தன. பெயர்ப்பலகைகூட இல்லாத ஷெட்டுகளும் உண்டு. அவர்கள் பில் போடுவதும் ரிட்டன் ஃபைல் பண்ணுவதும் என் மனைவியைப் போன்றவர்கள் கையில்தான்.

மாதாமாதம் ஃபைல் பண்ணுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி. அந்த இரவு எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பட்டறைக்காரர் போட்ட பில், அவருக்கு வேலை கொடுத்த கம்பெனியின் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் வந்தால்தான் அந்தக் கம்பெனி வரிக் கழிவு எடுக்க முடியும். 2022 ஜனவரியிலிருந்து இது சட்டம். அந்தப் பட்டியல் 14ஆம் தேதி தயாராகும். மாதாமாதம் ஃபைல் பண்ணுகிறவர்களின் பில்களில் 11ஆம் தேதிக்குள் ஏறியவை மட்டும்தான் அதில் இருக்கும். 12ஆம் தேதி காலையில் ஏற்றினால் பில் அடுத்த மாதப் பட்டியலுக்குப் போய்விடும். அதுவரைக்கும் ஜிஎஸ்டி தொகையைக் கம்பெனி நிறுத்தி வைக்கும். சில இடங்களில் பேமென்ட்டே நிற்கும். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய பட்டறைக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

அவர்களுடைய விவரமும் கடைசி நேரத்தில்தான் வரும். பகலில் மெஷினை விட்டு நகர முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பில் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதனால்தான் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஆபீஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் பில் கட்டு. ஒவ்வொரு ஃபைலிங்குக்கும் ஓடிபி அந்தந்த முதலாளியின் போனுக்குப் போகும். அவரை எழுப்பி, எண்ணைக் கேட்டு வாங்கி, அது காலாவதியாவதற்குள் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் லைன் போனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

லைன் அடிக்கடி போகிற ஊர் இது. ரோடு அகலப்படுத்துவார்கள், தண்ணீர்க் குழாய் போடுவார்கள், மனைப்பிரிவுக்குப் பள்ளம் தோண்டுவார்கள். பொக்லைன் ஒரு வாய் மண் அள்ளினால் அதில் யாருடைய ஃபைபரோ இருக்கும். மேலே கம்பம் கம்பமாகக் கட்டிய கேபிள் தாழ்ந்து தொங்கும். உயரமாகச் சரக்கேற்றிய கண்டெய்னர் லாரி சர்வீஸ் ரோட்டுக்குள் நுழைந்தால் அதை இழுத்துக்கொண்டே போய்விடும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்ததை இந்தப் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் கரன்ட் மட்டும் போவதில்லை, அதில் கட்டியிருக்கிற அத்தனையும் சேர்ந்து போகும்.

முதலில் எங்களிடம் இருந்தது உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த லைன். பிறகு, விளம்பரம் வருகிற பெரிய கம்பெனி ஒன்றின் ஃபைபரையும் போட்டோம். மாதாமாதம் இரண்டு கட்டணம் கட்டுவது எங்கள் சம்பளத்துக்கு யோசிக்க வேண்டிய செலவுதான். ஆனால் 11ஆம் தேதியை நினைத்தால் வேறு வழி தோன்றவில்லை.

இரண்டு கணக்கு இருந்தும் வீட்டில் ஒரே ரவுட்டர்தான் வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். ஒவ்வொரு கம்பெனிக்காரரும் தன் பெட்டியிலேயே ஒரு வைஃபை கொடுத்துவிட்டுப் போவார். அப்படியே விட்டால் லைன் மாறும்போதெல்லாம் லேப்டாப், பிரிண்டர், டிவி, போன் எல்லாவற்றிலும் வைஃபை பெயரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நம்முடைய ரவுட்டர் ஒன்று நடுவில் இருந்து, அதற்குப் பின்னால் மட்டும் லைன் மாறினால் வீட்டுக்குள் எதையும் தொட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு லைனும் உள்ளே விடுகிற முறை ஒன்றல்ல. கேபிள்காரர் லைனில் பிபிபிஓஇ என்ற முறை. யூசர் ஐடி, பாஸ்வேர்டு போட்டு ரவுட்டர் டயல் செய்ய வேண்டும். பழைய டயல்-அப் பழக்கத்தை ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்த முறை இது; 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வெளியானது. பெரிய கம்பெனியின் லைனில் அவர்கள் பெட்டியே எல்லாம் செய்துவிடும், நம் ரவுட்டருக்கு ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும். ஆகவே லைன் மாற்ற வேண்டுமென்றால் வயரை மட்டும் மாற்றினால் போதாது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் வேன், அதாவது வெளி இணைப்பின், வகையையும் மாற்ற வேண்டும்.

அதற்குள் இன்னும் பல முடிச்சுகள். சில இடங்களில் விலேன் எண் ஒன்று போட வேண்டியிருக்கும். அது ஏரியாவுக்கு ஏரியா மாறும், லைன்மேனைக் கேட்டால்தான் தெரியும். சிலர் முதலில் இணைத்த ரவுட்டரின் மேக் முகவரியோடு கணக்கைக் கட்டிவிடுவார்கள். புது ரவுட்டரை மாட்டினால் ஐடி சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடாது. பழைய மேக் முகவரியைப் புது ரவுட்டரில் குளோன் செய்ய வேண்டும், அல்லது ஆபீஸுக்குப் போன் செய்து விடுவிக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. வயரைச் சட்டென்று பிடுங்கி மறுபடி மாட்டினால் சில நிமிடங்களுக்கு லாகின் மறுக்கப்படும். பழைய இணைப்பு முடிந்துவிட்டது என்று எதிர்முனை சர்வருக்கு இன்னும் தெரிந்திருக்காது. ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரு லாகின்தான் அனுமதி. இது தெரியாதவர்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். பேசாமல் காத்திருந்தால் போதும். சில தளங்கள் திறந்து, சில மட்டும் பாதியில் நின்றால் எம்டியு என்ற, ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைப் பார்க்க வேண்டும். பிபிபிஓஇ தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்ளும், அதனால் 1500 அல்ல, 1492 என்று இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் விரும்பிக் கற்றுக்கொண்டேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் நெட் நின்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் நான் பலரில் ஒருவன். பிரேக்டவுன் என்றால் இன்ஜினீயர் வருவார், வெண்டர் ஆள் வருவார், நான் டூல் பாக்ஸோடு நிற்பேன். வீட்டில், "அப்பா வந்தா சரி பண்ணிடுவாரு" என்று மகள் சொல்லும்போது மனசுக்குள் ஒரு நிறைவு. பாஸ்வேர்டு என் போனில் இருந்தது. எந்தப் பக்கத்தில் எதை மாற்றுவது என்பது என் தலையில் இருந்தது.

செகண்ட் ஷிப்ட் வந்த ஒரு மாதத்தில், 11ஆம் தேதி ராத்திரி கேபிள்காரர் லைன் அறுந்தது. இரண்டாவது லைன் பக்கத்திலேயே பச்சை விளக்கோடு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. என் போன் லாக்கரில். மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டில், கிடைத்த சிக்னலில் ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறாள். எல்லாவற்றையும் நேரத்துக்குள் முடித்தும்விட்டாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வந்தபோது தூங்காமல் காத்திருந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"என்னங்க, லைன் இருந்துச்சு. மாத்தத்தான் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது, நீங்க உள்ள இருக்கும்போதுதானே இங்க போகுது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. லைன் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கிறவர் மாற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பிபிபிஓஇயும் மேக் குளோனும் அந்த ராத்திரி அவளுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அடுத்த லீவு நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கேபிள்காரரின் பையனை வரவழைத்து, யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் எங்கள் ரவுட்டரிலிருந்து எடுத்து, அவர்கள் மாட்டியிருக்கிற ஓஎன்டி என்ற ஃபைபர் பெட்டிக்குள்ளேயே போட வைத்தேன். இப்போது அந்தப் பெட்டி தானே டயல் செய்துகொள்ளும். இரண்டு லைனுமே எங்கள் ரவுட்டருக்கு ஒரே மாதிரி தெரியும்: வயர் செருகினால் ஐபி வரும். செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை மட்டும் கவனித்துச் செய்ய வேண்டியிருந்தது. கம்பெனிப் பெட்டிகள் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தன, எங்கள் ரவுட்டரும் அதே வரிசையில். உள்ளேயும் வெளியேயும் ஒரே எண் வரிசை இருந்தால் எதை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குப் புரியாது. எங்கள் ரவுட்டரை 192.168.50.1 என்று மாற்றினேன். இந்த ஏற்பாட்டில் முகவரி மாற்றம் இரண்டு தடவை நடக்கும். வெளியிலிருந்து வீட்டு சிசிடிவியை நேரடியாகப் பார்க்கிறவர்களுக்கு அது தொந்தரவு தரும். ஜிஎஸ்டி தளத்துக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை.

ஒரு வயரில் மஞ்சள் டேப், இன்னொன்றில் சிவப்பு டேப் சுற்றினேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் வேலையை மனைவியிடம் விட்டேன். நான் எழுதியிருந்தால் வேன், லேன் என்று எழுதியிருப்பேன். அவள் எழுதியது இது: "பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டினால், நீல ஓட்டையில் இருக்கும் வயரைப் பிடுங்கு. மற்ற வயரைச் செருகு. ரவுட்டர் சுவிட்சை அணைத்துப் போடு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்." என் அம்மா அதைப் படித்து, யாரையும் கேட்காமல் மாற்றிக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவர்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு மழை நாளில் இரண்டு லைனும் ஒன்றாகப் போயின. இரண்டு கம்பெனி, இரண்டு பில், இரண்டு கஸ்டமர் கேர். எப்படி ஒரே நிமிடத்தில் போகும் என்று குடையை எடுத்துக்கொண்டு கேபிளின் பின்னாலேயே நடந்தேன். எங்கள் தெரு முனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் இரண்டும் ஒரே கம்பங்களில், ஒரே கட்டுக்கம்பியில் போயிருந்தன. ஒரு லாரி இழுத்ததில் இரண்டும் அறுந்திருந்தன.

மாலையில் லைன்மேன் பையன் வந்து ஜாயின்ட் போட்டபோது நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். மேலுறையை உரித்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான்தான். வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி அதிலும் 9 மைக்ரான் அளவு. ஸ்பிரிட் தொட்ட பேப்பரால் துடைத்து, கிளீவரில் வைத்து நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தான். சின்னத் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்தன. மெஷின் தானே நகர்த்தி நேராக்கி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டியது. இழப்பு 0.02 டிபி என்று திரையில் வந்தது. மழைச்சாரலில், முழங்காலில் மெஷினை வைத்துக்கொண்டு அந்தப் பையன் செய்த வேலையை எங்கள் கம்பெனி டூல் ரூமில் நல்ல வேலைக்காரர்கள் செய்கிற வேலைக்குச் சமமாகச் சொல்வேன்.

"அண்ணா, ரெண்டுமே நாங்கதான் இழுக்கறோம். பேர்தான் வேற வேற" என்றான் அவன். இது ஒளிவுமறைவு இல்லை, இந்தத் தொழில் நடக்கிற விதமே பல ஊர்களில் இதுதான். பிஎஸ்என்எல் ஃபைபர்கூட பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. கடைசி அரைக் கிலோமீட்டரை இழுக்கிற கைகள் ஒரே கைகளாக இருக்கும்போது, இரண்டு கணக்கு வைத்திருப்பதால் இரண்டு பாதை கிடைத்துவிடாது. சிவப்பு டேப் லைனைப் பின்தெரு வழியாகச் சுற்றிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். கூடுதல் கேபிளுக்குக் காசு கொடுத்தோம், செய்து கொடுத்தான். அந்தப் பணம் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

மின்சாரத்தைப் பற்றியும் அவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஆபரேட்டர் ஆபீஸிலிருந்து வீடு வரைக்கும் நடுவில் கரன்ட் வேண்டாம். வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிப் பிரிப்பான். பழைய முறை லேன் வயரில் வருகிற இணைப்பு என்றால் தெருவில் எங்கோ ஒரு சுவிட்ச் பெட்டி, யாரோ ஒருவர் வீட்டுக் கரன்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வீட்டில் ஃபியூஸ் போனால் நமக்கு நெட் போகும். நம் வீட்டில் பெட்டிகளுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தாலும், தெருவில் உள்ள அந்த சுவிட்ச் பெட்டிக்கு யார் பேட்டரி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது வயரைப் பிடுங்கவும் தேவையில்லாமல், இரண்டு லைனையும் ஒன்றாக மாட்டிவைக்கிற டூயல் வேன் ரவுட்டர் வாங்கியிருக்கிறோம். ஒன்று போனால் தானே மற்றதுக்கு மாறும். வாங்க நினைப்பவர்கள் ஒரு செட்டிங்கை அவசியம் பார்க்க வேண்டும். வெளியே ஃபைபர் அறுந்தாலும், கரன்ட் இருக்கிற வரைக்கும் ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வயரில் உயிர் இருக்கும். வயரில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ரவுட்டர், லைன் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மாறாமலேயே நிற்கும். வெளியில் உள்ள ஒரு முகவரிக்கு, உதாரணமாக 8.8.8.8-க்கு, அடிக்கடி பிங் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மாறுகிற நொடியில் வெளி ஐபி முகவரியும் மாறும் என்பதால் வங்கித் தளமோ ஆபீஸ் விபிஎன்னோ மறுபடி லாகின் கேட்கலாம். அது பழுதல்ல.

கம்பெனியில் ஜெனரேட்டரை, கரன்ட் போகாவிட்டாலும் குறித்த நாளில் ஓட்டிப் பார்ப்போம். ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டரை நாங்கள் ஜெனரேட்டர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதே பழக்கத்தில், 10ஆம் தேதி மாலை மனைவி மஞ்சள் வயரைப் பிடுங்கிப் பார்க்கிறாள். நெட் நிற்காமல் ஓடினால் மறுபடி செருகிவிடுவாள். நான் எந்த ஷிப்டில் இருந்தாலும் அது நடக்கிறது. அவள் எழுதிய தாளும் சுவரிலேயே இருக்கிறது. டூயல் வேன் ரவுட்டரும் ஒருநாள் பழுதாகலாம், பழைய ரவுட்டரை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

லைன் கொடுத்தவர்கள் பழுது பார்க்காமல் இழுத்தடித்தால் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்ததும் டாக்கெட் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தீரவில்லை என்றால் அந்தந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறையில், தரைவழி இணைப்பின் பழுதை மூன்று நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும் என்று இருக்கிறது.

ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஃபைபர்காரர் வீட்டுக்கு வரும்போது யூசர் ஐடி, பாஸ்வேர்டு, விலேன் எண், எந்தக் கம்பம் வழியாக லைன் வருகிறது என்கிற விவரம், இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்த விவரங்களை உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள். தாளை ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில், வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டுங்கள். அவர்களை வைத்தே ஒரு தடவை லைனை மாற்றிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.